பூட்டிய ஷட்டருக்குள் நான்கு இன்ஜெக்டர்கள்

ஷட்டர் கடகடவென்று இறங்கித் தரையை முட்டியபோது செல்வாவின் வாயில், உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்த கறிபாப் ஒன்றின் பாதி இருந்தது. அதை முழுங்குவதா துப்புவதா என்று அவன் முடிவெடுப்பதற்குள் வெளியே பூட்டு விழும் சத்தம் கேட்டுவிட்டது. அடுத்த நொடி விளக்கும் அணைந்தது. யாரோ மெயின் சுவிட்சைத் தட்டிவிட்டார்கள்.

யாரோ என்ன யாரோ! காசிவிஸ்வநாதன்தான்.

"மன்னிச்சுக்கங்க மேடம்," என்று ஷட்டருக்கு வெளியிலிருந்து அவன் குரல் வந்தது. அவ்வளவு மரியாதையாகப் பேசுகிறவனைக் கண்டாலே செல்வாவுக்கு ஆகாது. "மேல உக்காருங்க, கோப்பி கலக்கிட்டு வரேன்னேன். நீங்க என்னடான்னா கீழ இறங்கி வந்து என் கராஜுக்குள்ள பூந்துட்டீங்க. கோர்ட்டு வேலைய முடிச்சுட்டு சாயங்காலமா வந்து திறக்கிறேன். அவசரம்னா போலீசுக்குப் போன் போட்டுக்கங்க. ஆ, மறந்துட்டேன் லா! உங்க போன் என் கையிலதான் இருக்கு."

கார் கதவு சாத்தும் சத்தம். கிளம்பிப் போகும் சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை.

செல்வாவுக்கு மூடிய இடமென்றால் சுத்தமாக ஆகாது. லிப்டில் ஏறினால்கூட கதவு திறக்கிறவரை முருகா முருகா என்று முணுமுணுப்பவன் அவன். இங்கே மூன்று பக்கம் சிமெண்டுச் சுவர், ஒரு பக்கம் இரும்பு ஷட்டர், மாடிப்படிக்குப் போகும் வழியில் பூட்டுப் போட்ட கிரில் கதவு. ஷட்டரில் வரிசையாக இருந்த சின்ன ஓட்டைகள் வழியே வந்த வெளிச்சம்தான் மொத்த வெளிச்சமும். பெட்ரோல் வாடை வேறு.

"பாஸ், நான் சாகப்போறேன்."

"முதல்ல அந்தக் கறிபாப்ப முழுங்கு. அப்புறம் சாகலாம்," என்றாள் யோகேஸ்வரி.

யோகேஸ்வரி வருஷக்கணக்காக இன்சூரன்ஸ் கம்பெனிக்கு விபத்துக் கேஸ்களைத் தோண்டிக் கொடுத்தவள். இப்போது ஜொகூர் பாருவில் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கிறாள். செல்வா அவளுடைய அசிஸ்டெண்ட். சிங்கப்பூரில் ஒரு கார்ப் பட்டறையில் வேலை பார்த்து, வாய் ஓயாமல் பேசியதற்காகவே சீட்டுக் கிழிக்கப்பட்டவன்.

"உன் போன் எங்கடா?"

"வெளிய நிக்குதே நம்ம காரு, அதுல சார்ஜ் ஏறிக்கிட்டு இருக்கு. நம்ம மூணு பேருல அது ஒண்ணுதான் இப்ப சௌகரியமா இருக்கு."

மூன்றாவது ஆள் இருட்டில் அசையாமல் நின்றுகொண்டிருந்தாள். பெயர் லோஷினி. அவளிடமும் போன் கிடையாது. விசாரணைக்கு வேண்டுமென்று போலீஸ் எடுத்துவைத்திருந்தது. "அக்கா, கோர்ட்டு..." என்றாள்.

லோஷினியின் கணவன் விஜயன், தம்போயில் தன் வீட்டு வாசலிலேயே கார் ரிப்பேர் பார்ப்பவன். போன ஞாயிற்றுக்கிழமை மெய்யப்பன் என்ற பெரியவரின் காருக்கு இன்ஜெக்டர் மாற்றிக் கொடுத்தான். எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சுகிற குழாய்முனைக்குத்தான் அந்தப் பெயர். சிலிண்டருக்கு ஒன்றாக நான்கு. செவ்வாய்க்கிழமை மெய்யப்பன் அந்தக் காரில் மெர்சிங்குக்குப் போனார். பாதி வழியில் இன்ஜெக்டர் பக்கம் பெட்ரோல் கசிந்து, சூடான எஞ்சின்மேல் விழுந்து, கார் பற்றிக்கொண்டது. மனிதர் பிழைக்கவில்லை.

அலட்சியத்தால் உயிர்போகக் காரணமாக இருந்தான் என்று விஜயன்மேல் வழக்கு. இன்று மதியச் சாப்பாட்டு நேரம் முடிந்ததும் கோர்ட்டில் கூப்பிடுவார்கள். வக்கீல் ஷர்மினி வாதாடத் தயாராகத்தான் இருந்தாள். விஜயன்தான் தயாராக இல்லை. "அன்னைக்கு என் மனசு சரியில்ல. ரப்பர் ரிங்கு கிழிஞ்சதக் கவனிக்காம மாட்டியிருப்பேன். நான்தான் அந்த மனுஷனக் கொன்னுட்டேன்," என்று லாக்கப்பில் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். குற்றத்தை ஒப்புக்கொள்வது என்று ஒரே பிடியாக இருந்தான். நேற்று லோஷினி ஓடிவந்து யோகேஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டது அதனால்தான்.

யோகேஸ்வரிக்குக் கிடைத்த ஒரே நூல், மெய்யப்பனின் தம்பி மகன் காசிவிஸ்வநாதன் போலீசில் கொடுத்திருந்த வாக்குமூலம். எனக்குக் கார் பானெட்டைத் திறக்கக்கூடத் தெரியாது என்று ஆரம்பித்தவன், நாலு வரி தள்ளி, விஜயன் பியூல் ரெயில் போல்ட்டைச் சரியாக முடுக்கவில்லை என்று சொல்லியிருந்தான். பானெட்டைத் திறக்கத் தெரியாதவனுக்கு, இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொண்டுபோகும் பியூல் ரெயில் எங்கிருந்து தெரிந்தது? அந்தக் கேள்வியோடுதான் மூன்று பேரும் இங்கே வந்தார்கள். கீழே கராஜ், மேலே வீடு. வழக்குக் கோப்பிலிருந்த ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன் என்று யோகேஸ்வரியின் போனை வாங்கியவன், அதோடு சமையலறைக்குள் போய்விட்டான். வரும்போதே பாதி திறந்து கிடந்த ஷட்டரைப் பார்த்துவைத்திருந்த யோகேஸ்வரி, சும்மா இருப்பாளா? இறங்கி வந்து உள்ளே குனிந்துவிட்டாள்.

உள்ளே பார்த்தது வீண் போகவில்லை. செத்துப்போன மெய்யப்பன் ஓட்டிய அதே மாடலில் ஒரு பழைய வெள்ளைக் கார் நின்றது. பானெட் திறந்து கிடந்தது. பக்கத்து மேசையில் ஒரு துண்டை விரித்து, நான்கு இன்ஜெக்டர்களைக் கழற்றி வரிசையாகப் படுக்கவைத்திருந்தார்கள்.

"பானெட் திறக்கத் தெரியாதாம். பைபாஸ் ஆபரேஷனே பண்ணி வெச்சிருக்கான்," என்றான் செல்வா.

"இத வெச்சு ஒண்ணும் பண்ண முடியாதுடா. சொந்தக் காரக் கழட்டிப் பாக்கறது குத்தமா? இப்பத்தான் கத்துக்கறேம்பான்."

செல்வா ஷட்டரைக் கையால் அறைந்தான், காலால் உதைத்தான், தொண்டை கிழியக் கத்தினான். பதிலுக்குப் பக்கத்துக் கடையிலிருந்து டமார் டமார் என்று சத்தம் வந்தது. அது தகரம் அடிக்கும் பட்டறை. இவன் ஒரு அடி அடித்தால் அவர்கள் ஒன்பது அடி அடித்தார்கள். காருக்குள் போய் ஹாரனை அமுக்கினான். அதுவும் அந்தத் தாளத்தோடு சேர்ந்துபோயிற்று.

"அலமாக்! நம்மள ஊர்வலத்துல சேத்துட்டாங்க பாஸ்."

சிரிக்க யாரும் இல்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. சுவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வருவதுபோல் அவனுக்குத் தோன்றியது. மூச்சை இழுத்தால் பாதிதான் உள்ளே போயிற்று. முருகா முருகா என்று ஆரம்பித்துவிட்டான்.

"சாவி இருக்கா?" என்றாள் லோஷினி திடீரென்று.

"எந்தச் சாவி?"

"கார்ச் சாவி."

சாவி ஸ்டியரிங்கை ஒட்டி அதன் இடத்திலேயே தொங்கியது. பூட்டிய கராஜில் யார் எடுக்கப்போகிறார்கள் என்கிற தைரியம் காசிக்கு.

"அப்ப இன்ஜெக்டர மாட்டுவோம். ஸ்டார்ட் பண்ணுவோம். பின்னால எடுத்து ஷட்டர இடிப்போம். அவரு ஒத்துக்கறேன்னு வாயத் திறக்கறதுக்குள்ள நான் கோர்ட்டுல நிக்கணும்." லோஷினி பேசிக்கொண்டே சட்டைக் கையைச் சுருட்டிவிட்டாள். "எத்தன ஞாயித்துக்கிழம அவருக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்திருக்கேன்! செல்வா, ஹெட்லைட்டப் போடு."

ஹெட்லைட் வெளிச்சம் முன்சுவரில் பட்டுத் திரும்பி வந்து எஞ்சின்மேல் விழுந்தது. அது போதுமாயிருந்தது. வேலை என்று ஒன்று கைக்கு வந்ததும் செல்வாவுக்கும் மூச்சு கொஞ்சம் சீராயிற்று.

ஒவ்வோர் இன்ஜெக்டருக்கும் மேலே ஒரு ரப்பர் ரிங், கீழே ஒரு ரப்பர் ரிங். பெட்ரோலை வெளியே விடாமல் பிடித்து நிறுத்துவது மேல் ரிங்தான். துண்டில் கிடந்தவற்றில் கீழ் ரிங் அதனதன் இடத்திலேயே இருந்தது; மேல் ரிங் மட்டும் எதிலும் இல்லை. மேசையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா நிறையப் புது ரிங்குகள் இருந்தன. செல்வா ஒன்றை எடுத்து மாட்டப் போனான்.

"நில்லு," என்று லோஷினி அதைப் பிடுங்கி விரல்களுக்கு நடுவே உருட்டினாள். நகத்தால் ஓரத்தை நெருடினாள். முகம் மாறியது. இன்னொன்றை எடுத்தாள். இன்னொன்று. "அக்கா, இங்க வாங்க. இதுல பிளேடால கீறியிருக்கு பாருங்க. இதுல லேசா. இதுல பாதி வரைக்கும். இதுல ரிங்கே ரெண்டா வந்துரும்போல இருக்கு."

யோகேஸ்வரி ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "பழகியிருக்கான்," என்றாள் மெதுவாக. "எவ்வளவு கீறினா உடனே ஒழுகும், எவ்வளவு கீறினா ரெண்டு நாள் தாக்குப்பிடிச்சு, எஞ்சின் நல்லா சூடான பெறகு ஒழுகும்னு இந்த வண்டியில போட்டுப் போட்டுப் பாத்திருக்கான். பாவி! சொத்துக்காகச் சொந்தப் பெரியப்பாவையே கொல்ல ஒத்திகை பாத்திருக்கான்."

"ஆதாரம் கெடச்சிருச்சு!" என்று துள்ளினான் செல்வா.

"எங்க கெடச்சது? திருட்டுத்தனமா நுழைஞ்ச நம்ம கையில கெடச்சது. கீறினது நீங்கதானேன்னு திருப்பிக் கேப்பான். அவன் எதுக்கு நம்மள விட்டுட்டு நிம்மதியாப் போனான்னு நெனச்சே? சாயங்காலம் வந்து இத வெச்சே நம்மள மாட்டிவிடுவான்."

செல்வா டப்பாவைத் தள்ளிவைத்தான். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவராகவே இருந்தது.

டப்பாவைக் கொட்டி மூவரும் கீறாத ரிங்குகளைத் தேடினார்கள். மூன்றுதான் தேறியது. நான்காவதற்கு, மேசைக்கடியில் கிடந்த பழைய ரிங் ஒன்றை லோஷினி பொறுக்கி எடுத்தாள். காய்ந்து விறைத்திருந்தது, ஆனால் முழுசாக இருந்தது. எஞ்சினின் எண்ணெய் அளவு பார்க்கும் கோலை உருவி, அதில் ஒட்டிய எண்ணெயை விரலில் வழித்து, நான்கு ரிங்குகளுக்கும் பூசினாள். வறட்டு ரிங்கை அமுக்கினால் கிழிந்துவிடும். செல்வா ஒவ்வோர் இன்ஜெக்டராக நேரே பிடித்து அதன் குழியில் இறக்கினான். மேலே பெட்ரோல் வரும் நீளக் குழாயை, அந்த ரெயிலை, வைத்து அமுக்கி, போல்ட்டுகளை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினான். வயர் பிளக்குகளை மாட்டினான். பெட்ரோல் ஹோஸ் டக்கென்று பூட்டிக்கொண்டது.

"ஸ்டார்ட் பண்ணாத. சாவிய ஆன்ல மட்டும் வை," என்றாள் லோஷினி.

பின்னால் பெட்ரோல் பம்ப் உய்யென்று ஓடி நின்றது. லோஷினி நான்கு இன்ஜெக்டர்களின் கழுத்தையும் விரலால் சுற்றித் தடவினாள். நான்காவதில் விரல் ஈரமாயிற்று.

"போதும் லோஷினிக்கா, சொட்டுத்தானே. ஒரு நிமிஷம் ஓடினாப் போதும் நமக்கு."

"அந்த ஒரு சொட்டுலதான் ஒரு மனுஷன் வெந்து செத்தாரு," என்று லோஷினி சீறினாள். "கழட்டு."

கழற்றினார்கள். நேரம் போய்க்கொண்டிருந்தது. வெளியே எவனோ ஹாரன் அடித்தான், பஸ் ஒன்று உறுமிக்கொண்டு போனது. உலகம் முழுக்கத் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்க, தாங்கள் மட்டும் இந்தப் பெட்டிக்குள் கிடப்பதை நினைத்துச் செல்வாவுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. லோஷினி பழைய ரிங்கை எண்ணெயில் போட்டு உள்ளங்கையில் உருட்டி உருட்டி இளக்கினாள். மறுபடி மாட்டினார்கள். மறுபடி பம்ப் ஓடியது. இந்தத் தடவை அவள் விரல் காய்ந்தே இருந்தது.

"அவரும் இப்படித்தான் ரெண்டு தடவ தொட்டுப் பாப்பாரு," என்றாள். "பாக்காம வண்டியக் கொடுக்கவே மாட்டாரு. ஆனா அவரே நான்தான் கொன்னேன்னு சொல்றாரு. கட்டின புருஷன் அவ்ளோ உறுதியாச் சொல்றப்ப நான் என்ன பண்றது அக்கா? ராத்திரியெல்லாம் நானும் அப்படித்தான் இருக்குமோன்னு நெனச்சேன்."

அவள் அழுதுவிடப்போகிறாள் என்று செல்வாவுக்குத் தெரிந்தது. அழுகிற பெண்களைச் சமாளிக்க அவனுக்குத் தெரிந்த ஒரே வழி கோமாளித்தனம். "சரி சரி, வேல முடிஞ்சது. விஜயன் அண்ணன் கம்பெனி முத்திரையக் குத்திட்டுக் கெளம்புவோம்," என்று எண்ணெய் விரலை ரெயிலுக்கு நேரே கொண்டுபோனான். வேலை முடிந்ததும் ரெயிலின் நடுவில் சந்தனம் தொட்டு, அதன்மேல் குங்குமப் பொட்டு வைப்பது விஜயனின் வழக்கம். அவன் முடித்த வேலைகளை எல்லாம் பேஸ்புக்கில் போடுவான். பொட்டு இல்லாத எஞ்சினே அதில் இருக்காது.

பளாரென்று செல்வாவின் கையில் லோஷினியின் அடி விழுந்தது.

"அறிவிருக்கா உனக்கு? தீட்டோட நான் தொட்ட வேல இது. இதுக்குப் போய்ப் பொட்டு வெக்கறே?"

"என்ன தீட்டு?"

"எங்க வீட்டுக்காரரோட பெரியப்பா தவறிட்டாரு. நாளைக்குத்தான் கருமாதி. சாமி மேடையையே துணி போட்டு மூடி வெச்சிருக்கோம். அவர வளத்ததே அந்தப் பெரியப்பாதான். அதான் அன்னைக்கு மனசு சரியில்லன்னாரு."

காரின் மறுபக்கம் நின்ற யோகேஸ்வரி மெல்ல நிமிர்ந்தாள். "லோஷினி, மெய்யப்பன் வண்டிய வேல பாத்தப்பவே தீட்டா?"

"ஆமா. அதுக்கு நாலஞ்சு நாள் முன்னாடிதான் பெரியப்பாவ அடக்கம் பண்ணினோம். வேல வேணாம்னுதான் அவரு சொன்னாரு. பெரியவரு அவசரமா மெர்சிங் போகணும்னு கெஞ்சினதால ஒத்துக்கிட்டாரு."

"அன்னைக்கு அந்த எஞ்சினுக்குப் பொட்டு வெச்சாரா?"

"தீட்டுல யாராவது வெப்பாங்களா அக்கா? பெரியவரே கேட்டாரு, ஏன்டா தம்பி, பொட்டு வெக்கலயான்னு. காரியம் முடியட்டும்யா, அப்புறம் வண்டியக் கொண்டாங்க, வெச்சு விடறேன்னு சொல்லி அனுப்பினாரு. நான் பக்கத்துலதான் நின்னேன்."

காசி வாங்கிக்கொண்டு ஓடிய போனில் இருந்த படம் செல்வாவின் கண் முன்னால் வந்து நின்றது. மெய்யப்பனின் எஞ்சின், கிட்டத்தில் எடுத்தது. ரெயிலின் நடுவே பளிச்சென்று சந்தனம், அதன்மேல் குங்குமம். விஜயன் வேலையை முடித்த அடுத்த நிமிஷம் அவன் வீட்டு வாசலிலேயே எடுத்தேன், அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை என்று காசி போலீசில் சத்தியம் செய்து கொடுத்த படம்.

"இந்தப் படத்த நீங்க பாத்ததே இல்லையா?" என்று கத்தினான்.

"எரிஞ்ச வண்டிப் படமும் அதோட இருக்குன்னாங்க. நான் பாக்க மாட்டேன்னுட்டேன். அவரும் பாக்கல. தலையே நிமிரல."

"போச்சு அவன் கதை," என்றாள் யோகேஸ்வரி. அவள் குரலே மாறியிருந்தது. "திங்கக்கிழமை பெரியவர் வண்டிய இங்க கொண்டாந்து ரிங்க மாத்திட்டான். விஜயன் வேலைன்னு ஊரே நம்பணும்னு பொட்டும் வெச்சுப் படம் எடுத்தான். விஜயன் வேலைன்னா பொட்டு இருக்கும்னு தெரிஞ்சவனுக்கு, விஜயன் வீட்டுல சாவுன்னு தெரியல. இந்தப் படத்த நாம கொண்டுபோய் வெக்கலடா, அவனே போலீஸ் பைல்ல வெச்சிருக்கான். ஏறுங்க!"

செல்வா சாவியைத் திருகினான். எஞ்சின் இருமியது, நின்றது. மறுபடி திருகினான். மூன்று சிலிண்டர் ஓடி, நான்காவது யோசித்து, பிறகு அதுவும் சேர்ந்துகொண்டது. முருகா என்றான், இந்தத் தடவை சந்தோஷமாக. ரிவர்சில் போட்டு மிதித்தான்.

முதல் இடியில் ஷட்டர் வெளிப்பக்கம் புடைத்தது. இரண்டாவதில் ஒரு பக்கத்துத் தகடுகள் தடத்தைவிட்டுப் பிதுங்கின. மூன்றாவதில் காரின் பின்பாதி வெளியே போய் அங்கேயே சிக்கிக்கொண்டது. பக்கத்தில் ஒரு ஆள் நுழையும் சந்து விழுந்திருந்தது. ஒருவர் பின் ஒருவராக அதில் ஊர்ந்து வெளியே வந்து விழுந்தார்கள்.

பக்கத்துப் பட்டறையில் அடி நின்றது. சுத்தியலும் கையுமாக ஒரு சீனத்து அங்கிள் எட்டிப் பார்த்தார்.

"இப்பத்தான் கேட்டுச்சா அங்கிள்?" என்றான் செல்வா.

யோகேஸ்வரி அவரிடம் மலாயில், போலீஸ் வரும்வரை யாரையும் உள்ளே விடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டு தங்கள் காரில் தாவினாள். செல்வாவின் போன் முழுசாகச் சார்ஜ் ஏறியிருந்தது. போலீசுக்குச் சொன்னார்கள். ஷர்மினிக்கு அடித்தார்கள். அடித்துக்கொண்டே இருந்தார்கள். கோர்ட்டுக்குள் போய்விட்ட வக்கீல் எப்படிப் போனை எடுப்பாள்?

ஜொகூர் பாரு நெரிசல் அன்றைக்கென்று இன்னும் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. லோஷினி வழி முழுக்கக் கதவுக் கைப்பிடியைப் பிடித்தபடியே இருந்தாள். காரை நிறுத்துவதற்கு முன்னாலேயே கதவைத் திறந்து ஓடினாள்.

அவர்கள் கோர்ட் அறைக்குள் நுழைந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கூண்டில் விஜயன் தலையைத் தொங்கப்போட்டு நின்றான். முன் பெஞ்சில் ஷர்மினி உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரும்பி லோஷினியைப் பார்த்து, சொல்லிட்டான் என்பதுபோல் தலையை ஆட்டினாள். குற்றத்தை ஒப்புக்கொண்டாகிவிட்டது. பார்வையாளர் வரிசையில் காசிவிஸ்வநாதன் நெற்றி நிறையத் திருநீற்றோடு அமர்ந்திருந்தான். இவர்களைக் கண்டதும் அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

அரசாங்க வக்கீல் ஆதாரங்களை ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். மொழிபெயர்ப்பாளர், கண்ணாடி போட்ட ஒரு தமிழ் அம்மா, ஒரு படத்தை விஜயன் முன்னால் நீட்டினாள். "இது நீங்க வேலை முடிச்ச எஞ்சின். ஒத்துக்கறீங்களா?"

"ஒத்துக்கறேன்," என்றான் விஜயன், படத்தைப் பார்க்காமலே.

"ஏங்க!" லோஷினி போட்ட சத்தத்தில் அறையே திரும்பியது. "படத்தப் பாருங்க! எனக்காக ஒரே ஒரு தடவ கண்ணத் திறந்து பாருங்க!"

போலீஸ்காரர் ஒருவர் அவள் தோளைப் பிடித்தார். ஷர்மினி துள்ளி எழுந்து மாஜிஸ்திரேட்டிடம் ஏதோ மன்றாடினாள். செல்வா இந்தக் களேபரத்தை எல்லாம் பார்க்கவில்லை. விஜயனை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

விஜயன் படத்தைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு படத்தை வாங்கி முகத்துக்குக் கிட்டே வைத்துப் பார்த்தான்.

"இது நான் வெச்ச பொட்டு இல்ல," என்றான். "எங்க வீட்டுல தீட்டு. நான் பொட்டே வெக்கல. நான் கொடுத்த பெறகு யாரோ இதக் கழட்டி மாட்டியிருக்காங்க."

மொழிபெயர்க்க வாயெடுத்த அம்மா நின்றுவிட்டாள். தீட்டுக்கு மலாயில் ஒரு வார்த்தை தேடினாள், கிடைக்கவில்லை. ஒரு வார்த்தையை விட்டுவிட்டு, சாவு விழுந்த வீட்டில் காரியம் முடிகிறவரை எவனும் எதற்கும் பொட்டு வைக்கமாட்டான் என்று நீளமாக விளக்க ஆரம்பித்தாள். அவள் விளக்கி முடிக்கும்வரை காத்திருக்க அந்த அறையிலிருந்த தமிழர்களுக்கு அவசியமில்லை. படத்தை எடுத்தது யார் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். ஒருவர் பாக்கியில்லாமல் காசிவிஸ்வநாதனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் எழுந்தான். வாசலில் யோகேஸ்வரி இரண்டு போலீஸ்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தாள். அவன் மறுபடி உட்கார்ந்துகொண்டான்.

மாஜிஸ்திரேட் பேனாவை வைத்துவிட்டு, இந்த ஒப்புதலை ஏற்பதற்கில்லை என்றார். அம்மா அதைத் தமிழில் சொன்னாள். விஜயன் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மனைவியை மட்டும் பார்த்தான்.

"லோஷினி... அப்ப அவர நான் கொல்லலையா?"

"இல்லங்க," என்றாள் லோஷினி. "நீங்க கொல்லல."

விஜயன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதான். அவனை எழுந்து நிற்கச் சொல்லப் பக்கத்தில் நின்ற போலீஸ்காரருக்கு மனசு வரவில்லை.